கணக்கு ஏறாது என்று சொல்பவர்களுக்கு

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது."

சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் ஒவ்வொரு தடவையும் இதை யாராவது சொல்லத்தான் செய்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சொல்கிறார்கள். கல்விப் பணிமனையில் சொல்கிறார்கள். நமது லயங்களிலிருந்தே படித்து மேலே போன சிலரும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுக் காரணங்களையும் அடுக்குகிறார்கள். வீட்டில் படிக்க இடமில்லை, அப்பா குடிக்கிறார், அம்மா கவனிப்பதில்லை, பிள்ளையின் கையில் எந்நேரமும் போன்.

தோழர்களே, இந்தக் காரணங்கள் எல்லாமே பொய் என்று நாம் வாதாட வரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். கணிதத்தில் விழும் பிள்ளைகளில் பலர் தமிழில் நல்ல சித்தி எடுக்கிறார்கள். சமயத்தில் எடுக்கிறார்கள். வரலாற்றிலும் கரையேறுகிறார்கள். அவர்கள் படித்ததும் அதே காம்பராவில்தான். அப்பாவும் அதே அப்பாதான். குடியும் போனும் தமிழை விட்டுவிட்டுக் கணிதத்தை மட்டும் எப்படிப் பிடித்துக் கெடுக்கின்றன?

பிள்ளை கணிதத்தில் விழுவதற்கான காரணத்தைக் கணிதம் கற்பிக்கப்படும் இடத்தில்தான் தேட வேண்டும். அங்கே போய்ப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வகுப்பில் உள்ள தலைகளின் எண்ணிக்கை.

கணிதம் மற்றப் பாடங்களைப் போன்றதல்ல. ஒரு கதையையோ வரலாற்றுப் பாடத்தையோ ஆசிரியர் நன்றாகச் சொன்னால் ஐம்பது பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஓர் இடம் விளங்காமல் போனாலும் அடுத்த பாடம் விளங்கும். கணிதத்தில் அப்படி இல்லை. அங்கே படிப்பு நடப்பது பிள்ளையின் கொப்பியில். பிள்ளை தானே ஒரு கணக்கைச் செய்து, எந்த வரியில் பிழைத்தது என்பதை ஆசிரியர் கண்டு, அந்த வரியில் விரலை வைத்து "இது எப்படி வந்தது?" என்று கேட்கும் நேரத்தில்தான் ஏதாவது ஏறுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறோம். "மறையும் மறையும் சேர்ந்தால் நேர்" என்று பிள்ளை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. பெருக்கலுக்கு அது சரி. கூட்டல் கழித்தலுக்கு அது பொருந்தாது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் தனியாகச் சொல்லவில்லை. ஆகவே −3 − 5 என்று வந்தால் +8 என்று எழுதுகிறது. விடை −8. இது தரம் 7, 8இல் நுழையும் சின்னப் பிழை. அதைப் பிடிக்காமல் விட்டால் தரம் 9இல் சமன்பாட்டுக்குள் போகிறது, தரம் 10இல் காரணிப்படுத்தலுக்குள் போகிறது, தரம் 11இல் வரைபுக்குள் போகிறது. கொப்புள நோய் ஒரு செடியில் தெரிந்தவுடன் மருந்து அடிக்காவிட்டால் மலை முழுவதற்கும் பரவும் என்பது நமக்குத் தெரியும். மூன்று வருடம் கழித்து அந்தப் பிள்ளை செய்யும் எந்தக் கணக்கும் சரிவராது. செய்முறை முழுவதும் விளங்கியிருக்கும், விடை மட்டும் பிழைக்கும். "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளையே முடிவு கட்டிவிடும். நாமும் தலையாட்டிவிடுவோம்.

இந்தப் பிழையைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் போய்க் கொப்பியைப் பார்க்க வேண்டும். பார்க்க நேரம் இருக்கிறதா? கணக்கை நாமே போடுவோம். பாடவேளை 40 நிமிடம் என்று வைப்போம். புதிய பாடத்தை விளக்க 20 நிமிடம் போனால் மிச்சம் 20 நிமிடம், அதாவது 1,200 செக்கன். வகுப்பில் 45 பேர் என்றால் ஒரு பிள்ளைக்கு 27 செக்கன்கூட இல்லை. அதற்குள் ஆசிரியர் வாங்குகளுக்கு இடையில் நுழைந்து போக வேண்டும், கொப்பியை வாசிக்க வேண்டும், பிழையைக் காண வேண்டும், கேட்க வேண்டும், பிள்ளை பதில் சொல்ல வேண்டும். 25 பேர் என்றால் 48 செக்கன் கிடைக்கும். அதுவும் தாராளம் இல்லை. ஆனால் நன்றாகச் செய்யும் பத்துப் பேரைத் தாண்டிப் போய், தடுமாறும் பதினைந்து பேரிடம் ஒன்றேகால் நிமிடம் நிற்கலாம். 45 பேர் உள்ள வகுப்பில் பின்வாங்குக்குப் போகவே வழி இருக்காது.

கொப்பி திருத்துவதையும் பாருங்கள். ஒரு கொப்பியை ஒழுங்காகப் பார்க்க 3 நிமிடம் என்று வைத்தால், 45 கொப்பிக்கு 2 மணித்தியாலம் 15 நிமிடம். ஓர் ஆசிரியருக்கு இப்படி ஐந்து வகுப்பு இருந்தால் 11 மணித்தியாலத்துக்கு மேல். அதனால்தான் நமது பிள்ளைகளின் கணிதக் கொப்பிகளில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஒரு நீளக் கோடும் திகதியும் மட்டும் இருக்கின்றன. இன்று வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்காவது ஓரிடத்தில், பிழைத்த வரிக்குப் பக்கத்தில், ஆசிரியர் இரண்டு சொல்லாவது எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

மலையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொழுந்து நிறுக்கிறார்கள்? ஒவ்வொருவர் கொழுந்தும் தனித்தனியாகத் தராசில் ஏறுகிறது. சாக்குப் பாரம் என்று கழிக்கிறார்கள், ஈரம் என்று கழிக்கிறார்கள். முற்றல் இலை இருக்கிறதா என்று கையை விட்டுக் கிளறிப் பார்க்கிறார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர். இந்தக் கணக்கில் கம்பனி ஒரு நாளும் தவறுவதில்லை. எல்லோருடைய கொழுந்தையும் ஒரே குவியலாகக் கொட்டி, "எல்லாம் சரியா?" என்று கேட்டு, "சரிங்க" என்று சத்தம் வந்தவுடன் செக்ரோலில் முழுப் பேர் போடும் தோட்டம் எங்காவது உண்டா? நமது பிள்ளைகளின் கணித வகுப்பில் நடப்பது அதுதான். "விளங்குதா?" "விளங்குது சேர்!" அடுத்த பாடம்.

இந்த நெருக்கடி எங்கே வந்து விழுகிறது என்பதுதான் வேதனை. நமது தோட்டப் பாடசாலைகள் பல தரம் 5உடன் நின்றுவிடுகின்றன, சில தரம் 9 வரை போகின்றன. அதற்கு மேல் மூன்று நான்கு தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே பாடசாலையில் வந்து சேர்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு அளவில் கற்று வந்திருக்கும். ஒரு பாடசாலையில் இரண்டு வருடமாகக் கணித ஆசிரியரே இருந்திருக்க மாட்டார், இன்னொன்றில் சமூகக்கல்வி ஆசிரியர் கணிதத்தையும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஆசிரியர் ஆளாளாகக் கவனிக்க வேண்டிய நேரத்தில், பரீட்சைக்கு இரண்டு வருடம் மட்டும் இருக்கும் நேரத்தில், வகுப்பு ஊதிப் பெருக்கிறது.

அதிகாரிகளிடம் போனால் ஒரு புள்ளிவிபரத்தை எடுத்துக் காட்டுவார்கள். அரச பாடசாலைகளில் நாடு முழுவதும் பார்த்தால் ஓர் ஆசிரியருக்கு 17, 18 மாணவர்தான், இது பணக்கார நாடுகளுக்குச் சமமான விகிதம் என்பார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது சராசரி. நகரத்துப் பெரிய பாடசாலையில் மிதமிஞ்சி இருக்கும் ஆசிரியரும் அதில் இருக்கிறார். பத்துப் பிள்ளைகளோடு மூடப்படும் நிலையில் இருக்கும் கிராமப் பாடசாலையின் ஆசிரியரும் இருக்கிறார். சித்திரம், சங்கீதம், உடற்கல்வி ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் கூட்டி வகுத்துவிட்டு, நமது தரம் 10 கணித வகுப்பில் 18 பேர்தான் இருக்கிறார்கள் என்று காட்டப் பார்க்கிறார்கள். துரைக்கும் கிளாக்கருக்கும் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துச் சராசரிச் சம்பளம் போட்டால் நாமும் வசதிக்காரர்தான்.

இன்னொரு வாதம் படித்தவர்களிடமிருந்து வருகிறது. சிங்கப்பூரில் வகுப்பில் நாற்பது பேர், ஜப்பானிலும் நாற்பது பேர், உலகத்திலேயே கணிதத்தில் முன்னணியில் அவர்கள்தான், ஆகவே வகுப்பின் அளவில் ஒன்றுமில்லை, ஆசிரியரின் தரத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். எரிக் ஹனுஷெக் போன்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் பல வருடமாக இதைச் சொல்லி வருகிறார்கள். வகுப்பைச் சிறிதாக்குவது செலவு கூடியது, பலன் குறைவு என்பது அவர்கள் கணக்கு.

இந்த வாதத்தைத் தட்டிக் கழிக்க முடியாது, பதில் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரின் ஆசிரியர் தன் பாடத்தில் பயிற்சி பெற்றவர். வருடக் கணக்கில் வெற்றிடமாகக் கிடக்கும் கணித ஆசிரியர் பதவி அங்கே இல்லை. வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவு கற்று வருகிறார்கள். அப்படி இருந்தும் அந்த நாடு 2005இல் முதலாம் வகுப்பையும் அடுத்த வருடம் இரண்டாம் வகுப்பையும் 30 பேராகக் குறைத்தது. ஜப்பான் 2021இல் சட்டத்தைத் திருத்தி, ஆரம்பப் பாடசாலை வகுப்புகள் எல்லாவற்றையும் படிப்படியாக 35 பேராக்க முடிவு செய்தது. நாற்பது பேரே போதும் என்று நமக்குச் சொல்லப்படும் நாடுகள், வசதி வந்தவுடன் தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் குறைத்துக்கொள்கின்றன.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய பரிசோதனை ஒன்று உண்டு. 79 பாடசாலைகளில் 11,000க்கும் அதிகமான சிறு பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில வகுப்புகளில் 13 முதல் 17 பேர். சிலவற்றில் 22 முதல் 25 பேர். வேறு சிலவற்றில் அதே 22 முதல் 25 பேருடன் ஆசிரியருக்கு ஓர் உதவியாளர். நான்கு வருடம் பார்த்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் முந்தினார்கள். கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பயன்பெற்றார்கள். உதவியாளர் இருந்த வகுப்புகளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இது ஆரம்ப வகுப்புகளில் நடந்தது, தரம் 10இல் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குத்தான் வகுப்பில் ஆசிரியரின் கண் அதிகம் தேவைப்படுகிறது. கொழும்பில் ஒரு டொக்டரின் பிள்ளைக்கு −3 − 5 பிழைத்தால் வீட்டில் ஒருவர் பிடிப்பார், வீட்டுக்கு வரும் டியூசன் ஆசிரியர் பிடிப்பார். நமது பிள்ளைக்கு அந்த 27 செக்கன்தான் இருக்கிறது.

வகுப்பைச் சிறிதாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. கலிபோர்னியா மாநிலம் 1996இல் ஆரம்ப வகுப்புகளை ஒரே வீச்சில் 20 பேராகக் குறைத்தது. அத்தனை வகுப்புகளுக்கும் ஆசிரியர் இல்லை. பயிற்சி இல்லாதவர்களை அவசரமாகச் சேர்த்தார்கள், அவர்களில் அதிகமானோர் ஏழைகளின் பாடசாலைகளுக்குத்தான் போனார்கள். நமக்கு இது புதிய கதையா? 2015 முதல் தோட்டப் பாடசாலைகளுக்கென்று சுமார் 3,000 பேரை ஆசிரியர் உதவியாளர்கள் என்று சேர்த்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. கத்திக் குழறிய பிறகு அது 10,000 ரூபாவானது. அவர்கள் நமது பிள்ளைகள்தான், உயர்தரம் படித்து வந்த திறமைசாலிகள். முதலில் பயிற்சியும் முழுச் சம்பளமும் கொடுத்து வகுப்புக்கு அனுப்பியிருக்க வேண்டியவர்களை அரைச் சம்பளத்தில் நிறுத்திவிட்டு, மலையகத்துக்கு ஆசிரியர் கொடுத்துவிட்டோம் என்று மேடையில் மார்தட்டினார்கள். பிள்ளைக்கு அரை ஆசிரியர், ஆசிரியருக்கு அரைப் பேர்.

சரி, இதற்கெல்லாம் டியூசன் இருக்கிறதே என்பார்கள். நகரத்தில் மண்டபம் நிறையப் பிள்ளைகளை உட்கார வைத்து மைக்கில் நடத்தும் வகுப்பில் கொப்பியை யார் பார்ப்பது? நாற்பத்தைந்து பேரால் வந்த நோய்க்கு இருநூறு பேர் மருந்தா? ஒரு பாடத்துக்கான மாதக் காசு ஒரு நாட் சம்பளத்தை விழுங்குகிறது, பஸ் காசு வேறு. பொழுது சாய்ந்த பிறகு தேயிலை மலை வழியே பிள்ளை தனியாக வீட்டுக்கு வர வேண்டும் என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இங்கே ஆசிரியர்களை எதிரியாக்க நாம் விரும்பவில்லை. அவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். 2021இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி மாதக் கணக்கில் போராடினார்கள். அவர்களிடம் நாம் கேட்பது ஒன்று. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பது உங்கள் வேலைப் பளு. இத்தனை கிலோவுக்கு மேல் எடுக்கச் சொன்னால் மேலதிகக் கிலோவுக்குக் காசு என்று நாம் கேட்கிறோம். 30க்கு மேல் பிள்ளைகளைத் தலையில் கட்டினால் நீங்கள் என்ன கேட்கிறீர்கள்? உங்கள் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இதையும் போடுங்கள், நாமும் உங்களோடு நிற்கிறோம். சின்ன வகுப்புக் கிடைத்த பிறகும் கரும்பலகையை விட்டு நகராமல் பாடம் நடத்தும் ஆசிரியரிடம், பெற்றோராக நாம் கேள்வி கேட்போம் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறோம்.

இது ஏன் ஒரு தொழிற்சங்கத்தின் பிரச்சினை என்று கேட்கும் தோழர்களும் இருக்கிறார்கள். உயர்தரத்துக்குப் போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடத்தில் சித்தி வேண்டும், அதில் 3 திறமைச் சித்தி. கணிதத்தில் சித்திக்கு வேண்டியது 35 புள்ளி. அந்த 35 இல்லாவிட்டால் கல்வியியற் கல்லூரியும் இல்லை, தாதியர் பயிற்சியும் இல்லை, அரச எழுதுவினைஞர் பரீட்சையும் இல்லை. அந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று தெரியும். கொழும்பில் கடைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் தேடுகிறவருக்குத் தெரியும். கம்பனிக்கும் தெரியும். நமது நாட்சம்பளத்தைப் பேசும் மேசையில் கம்பனி இவ்வளவு திமிராக உட்கார்ந்திருப்பதற்கு, நமது பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்ற நம்பிக்கையும் ஒரு காரணம்.

பழைய கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களைத் துரைமாரிடமிருந்து அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு என்று கிடந்த முப்பது வருடத்துக்கு மேற்பட்ட பாக்கியைத்தான் இன்று தரம் 11இல் நமது பிள்ளைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன கேட்கிறோம்? தரம் 9, 10, 11இல் கணிதப் பாடவேளைக்கு ஓர் ஆசிரியரிடம் 30 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. முழு வகுப்பையும் பிரிக்க இடமில்லை என்றால் கணிதப் பாடவேளைக்கு மட்டும் பிரியுங்கள். அதற்குப் புதிய மாடிக் கட்டடம் தேவையில்லை. ஒரு பலகை, இருபது கதிரை, ஒரு மூலை போதும். கட்டாயம் வேண்டியது கணிதத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர். தோட்டப் பாடசாலைக்கென்று நியமனம் வாங்கிக்கொண்டு, செல்வாக்கைப் பிடித்து நகரத்துக்கு மாறிப்போவதை நிறுத்த வேண்டும். ஒரு கணித ஆசிரியரை விடுவிப்பதானால் பதிலுக்கு வருபவர் கையொப்பம் வைத்த பிறகு விடுவியுங்கள். தங்க இடம் இல்லாமல்தான் பலர் ஓடுகிறார்கள் என்றால் விடுதி கட்டுங்கள். தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் குவாட்டர்ஸ் எத்தனை என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் எண்களைக் கையில் எடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் வலயக் கல்விப் பணிமனையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தனது பிள்ளைகள் படிக்கும் பாடசாலையைப் பற்றி மூன்று விடயங்களைக் கேட்கட்டும். தரம் 9, 10, 11 ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை மாணவர்? அங்கே கணிதம் கற்பிப்பவர் எந்தப் பாடத்துக்கு நியமனம் பெற்றவர்? கடந்த மூன்று வருடத்தில் கணித ஆசிரியர் இல்லாமல் எத்தனை மாதம் போயிற்று?

கடிதத்தின் மாதிரிப் பிரதி நமது மாவட்டக் காரியாலயங்களில் இருக்கிறது. மாதர் சங்கத் தலைவிமார் இதை முன்னின்று செய்தால் நல்லது, ஏனென்றால் பாடசாலைக் கூட்டம் வேலை நாளில் வைக்கப்படும்போது பேரை இழந்துவிட்டுப் போய் உட்காருகிறவர்கள் அவர்கள்தான். பதில் வந்தாலும், வராவிட்டாலும், அனுப்பிய திகதியுடன் ஒரு பிரதியைக் காரியாலயத்தில் ஒப்படையுங்கள். பாடசாலை பாடசாலையாக அந்த எண்களை இந்தப் பத்திரிகையில் அச்சிடுவோம்.